வெண்கலக் கண்ணாடி சொன்ன பாடம்

பண்டைய சீனத்தில் கண்ணாடி முகம் பார்க்க மட்டும் பயன்படவில்லை. அது அன்பளிப்பாகவும் காதலின் அடையாளமாகவும் இருந்தது. இறந்தவரோடு கல்லறைக்கும் சென்றது. அன்யாங் நகரில் 1976ல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஷாங் வம்ச அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் 4 வெண்கலக் கண்ணாடிகள் கிடைத்தன. அவை 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை.

செம்போடு வெள்ளீயத்தைக் கூடுதலாகக் கலந்தால் உலோகம் வெளுத்து, நன்கு மெருகேறும். ஆனால் எளிதில் உடையும். கண்ணாடியின் முன்பக்கத்தைப் பளபளவென்று தேய்த்தனர். பின்பக்க நடுவில் கயிறு கோக்க ஒரு குமிழும், சுற்றிலும் சித்திர வேலைப்பாடும் இருக்கும். ஹான் வம்சக் காலத்தில் (கி.மு. 206 - கி.பி. 220) அங்கே வாழ்த்துகளையும் பொறித்தனர். நீண்ட ஆயுள், உயர்பதவி, பிரிந்தாலும் மறவாத அன்பு ஆகியவையே அந்த வாழ்த்துகள்.

கி.பி. 589ல் சென் அரசு வீழ்ந்தபோது, லெசாங் இளவரசியும் கணவர் ஷூ தெயானும் ஒரு கண்ணாடியை உடைத்து ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்டனராம். பின்னர் சந்தையில் விலைக்கு வந்த ஒரு பாதியே அவர்களை மீண்டும் சேர்த்துவைத்தது என்பது கதை. பிரிந்த தம்பதியர் இணைந்தால், உடைந்த கண்ணாடி ஒன்றுசேர்ந்தது என்று சீனர்கள் இன்றும் சொல்வார்கள்.

தாங் வம்சப் பேரரசர் தைஸோங் கண்ணாடிக்கு இன்னும் ஆழமான பொருள் தந்தார். அவருடைய அமைச்சர் வெய் ஸெங், மன்னரின் தவறுகளை முகத்துக்கு நேரே எடுத்துரைப்பவர். 643ல் அவர் இறந்தபோது மன்னர் கலங்கிப்போனார். வெண்கலக் கண்ணாடி ஆடையைத் திருத்த உதவும். வரலாறு என்னும் கண்ணாடி அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் காட்டும். மனிதர் என்னும் கண்ணாடி நம் குறைநிறைகளைக் காட்டும். அந்த மூன்றில் ஒன்றைத் தாம் இழந்துவிட்டதாக அவர் வருந்தினார்.

ஆனால் அதே மன்னர் விரைவிலேயே வெய் ஸெங்கின் மீது சந்தேகம் கொண்டார். அவருக்காகத் தாமே வாசகம் எழுதித் தந்த நினைவுக்கல்லைச் சாய்க்கவும் உத்தரவிட்டார். 645ல் கோகுரியோ நாட்டின் மீது படையெடுத்து, எண்ணியது நிறைவேறாமல் திரும்பினார். வெய் ஸெங் உயிரோடு இருந்திருந்தால் தம்மைத் தடுத்திருப்பார் என்று அப்போதுதான் உணர்ந்தார். கல் மீண்டும் நிமிர்த்தப்பட்டது.

வெண்கலக் கண்ணாடி நாளடைவில் மங்கிப்போகும். அதை அடிக்கடி மெருகேற்ற வேண்டும். குறையைச் சுட்டிக்காட்டும் நல்ல நண்பரையும் அப்படித்தான் பேணிக் காக்க வேண்டும்.