நானூறு பெயர்கள், ஆளுக்கு நூறு கலம் நெல்

வெளிமாநிலத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்தால் பெயருக்கு மூன்று நிபந்தனைகள். நல்ல தமிழாக இருக்க வேண்டும். வகுப்பில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மராத்திக்காரர் வாயிலும் நுழைய வேண்டும். மூன்றாவது நிபந்தனையிலேயே 'ழ' அவுட். யாழினி, குழலி எல்லாம் லிஸ்டிலிருந்து போய்விடும்.

அடுத்து எல்லோரும் போய் நிற்கிற இடம் 'பொன்னியின் செல்வன்'. 1950களில் தொடர்கதையாக வந்தது, 2022லும் 2023லும் படமாக வந்தது. அதில் குந்தவை நிஜம். ராஜராஜனின் அக்கா; ராஜராஜன் தன் மகளுக்கும் அதே பெயரைத்தான் வைத்தான். பூங்குழலி கல்கியின் கற்பனை. கற்பனைப் பெயரை வைப்பதில் தப்பில்லை. ஆனால் அதே ராஜராஜன் காலத்தில் வாழ்ந்த நிஜப் பெண்கள் நானூறு பேரின் பெயர்கள் தஞ்சாவூர் பெரிய கோயில் சுற்றுச்சுவரில் இருக்கின்றன. பெயர் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

அது ஒரு சம்பளப் பட்டியல். வங்கிக்காரன் என்பதால் எனக்கு அதில் தனி ருசி. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1014. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து நானூறு ஆடல் பெண்களைத் தஞ்சாவூருக்கு வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். தளி என்றால் கோயில். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர், எந்தக் கோயில், பிறகு பெயர் என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். நம் டிரான்ஸ்ஃபர் ஆர்டரில்கூட இத்தனை விவரம் இருக்காது! பெண்களை அடுத்து நட்டுவனார், பாடுவோர், தச்சர், தையற்காரர், கணக்கர் என்று பட்டியல் நீள்கிறது. 1886ல் சென்னை அரசின் கல்வெட்டு அதிகாரியாக வந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் இதைப் படித்துத் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அச்சிட்டார்.

தெற்குத் தளிச்சேரி தென்சிறகில் தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு. பட்டியலில் முதல் பெயரே இப்படி! தொடர்ந்து படித்தால் சோழகுலசுந்தரி வருகிறாள், தில்லையழகி வருகிறாள், மழலைச்சிலம்பு வருகிறாள். குழந்தை பேசுவது மாதிரி கொஞ்சுகிற சிலம்பு. இதைவிட ஆடுகிற பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வேண்டும்? ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். நடராஜரின் தூக்கிய திருவடிதான் அது. இன்று பிறப்புச் சான்றிதழில் எழுதக் கொஞ்சம் தைரியம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சிலருக்கு மறைக்காடு, திருவையாறு என்று தலத்தின் பெயரே பெயர். தேசிச்சி என்று ஒருத்தி இருக்க, பெரிய தேசிச்சி என்று இன்னொருத்தி. நம் வீடுகளில் பெரிய லட்சுமி, சின்ன லட்சுமி என்பதில்லையா, அதே கதைதான்.

எல்லாப் பெயருக்கும் முன்னால் வரும் அந்த 'நக்கன்' என்ன? நக்கீரன், நப்பின்னை இவற்றில் வருகிற 'ந' வேறு, அது நன்மையைக் குறிப்பது. நக்கன் என்பது சிவனுடைய பெயர், ஆடையில்லாதவன் என்று பொருள். தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் அதைப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் அறிஞர்களின் விளக்கம். அதாவது நானூறு பேருக்கும் ஒரே இனிஷியல், சிவபெருமான். இந்தப் பக்கத்து விண்ணப்பங்களில் சர்நேம் கட்டத்தைப் பார்த்து விழிக்கிற நமக்கு இதன் சௌகரியம் புரியும்.

இதையெல்லாம் ரசித்துக் கேட்கிற வீட்டுப் பெரியவர்கள், 'யார் இவர்கள்?' என்று கேட்டுப் பதில் தெரிந்ததும் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். தேவரடியார் என்ற சொல்லே பிற்காலத்தில் வசையாகிவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி ஆண்டுக்கணக்கில் போராடி, 1947ல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி நின்றது. நிற்க வேண்டியதுதான், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. சோழர் காலத்திலும் அந்த நானூறு பேரை ஆணை போட்டுத்தான் இடம் மாற்றினார்கள். விருப்பம் கேட்டதாக அந்தக் கல்வெட்டில் ஒரு வரி இல்லை. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து அவர்களின் பெயர்களையும் ஏன் ஒதுக்க வேண்டும்? அதே பட்டியலில் பரவை என்ற பெயரும் இருக்கிறது. சுந்தரர் திருவாரூரில் மணந்த பரவையாரை உருத்திர கணிகையர் குலம் என்றுதான் பெரியபுராணம் சொல்கிறது. அவரைக் கும்பிடுகிறோம், பேத்திக்குப் பெயர் வைக்க மட்டும் யோசிக்கிறோம். (எழுதும்போது இடையின 'ர'. பரவை என்றால் கடல். வல்லின 'ற' போட்டால் பறந்துவிடும்!)

பெண்களுக்கு அந்தக் கல்வெட்டு ஒரு பாதுகாப்பும் வைத்திருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ, வேறு தேசம் போய்விட்டாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யலாம். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அவரே தேர்ந்து நிறுத்திவிட்டு நெல்லை வாங்கிக்கொள்ளலாம். நாமினேஷன் என்று நாங்கள் சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற ஏற்பாடு. வாரிசு வந்து கேட்கும்போது யாருடைய பங்கு என்று தெரிய வேண்டுமே, அதற்காகவும்தான் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது நிபந்தனைக்கு வருகிறேன். தலைவீட்டுச் சேரமங்கையின் அதே வரிசையில் சில வீடுகள் தள்ளி ஒருத்தி இருந்தாள், நக்கன் ஏகவீரி. ஒப்பில்லாத வீரமுள்ளவள் என்று பொருள். லோனாவ்ளா பக்கத்தில் கார்லா குகைகளுக்குப் போனவர்கள் வாசலை ஒட்டியிருக்கும் அம்மன் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். கோலி மீனவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கும்பிடும் அந்தத் தெய்வத்தின் பெயர் ஏக்வீரா. மகளுக்கு ஏகவீரி என்று வைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் ஸ்பெல்லிங் கேட்க மாட்டார்.