செயற்கை நானோதுளைப் புரத உணரி

சிலிக்கான் நைட்ரைடு, கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற திடப்பொருளில் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை விட்டமுள்ள ஒற்றைத் துளையிட்டு, அதன் வழியே செல்லும் புரதங்களை ஒவ்வொன்றாக மின்னோட்டத்தால் அறியும் கருவி. சவ்வின் இருபுறமும் உப்புக் கரைசல் இருக்கும். பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. இரு பக்கத்திலும் உள்ள மின்முனைகளுக்கு இடையே நூறு மில்லிவோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தால், அயனிகள் துளை வழியே சீராக ஓடும். புரதம் ஒன்று உள்ளே நுழைந்ததும் வழி குறுகி மின்னோட்டம் இறங்கும். வெளியேறியதும் பழைய அளவுக்கு ஏறும். இறக்கத்தின் ஆழத்திலிருந்து மூலக்கூறின் பருமனையும், இறக்கம் நீடிக்கும் நேரத்திலிருந்து அது துளைக்குள் தங்கிய காலத்தையும் கணக்கிடலாம்.

இதன் மூதாதை ரத்த அணுக்களை எண்ணும் கருவி. அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் 1953இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சிகரெட் பெட்டியின் செலோஃபேன் தாளில் சூடான ஊசியால் துளையிட்டு அவர் தொடங்கினார் என்று சொல்வார்கள். 1970இல் டிபிளாய், பீன் என்ற இருவர் பிளாஸ்டிக் தாளில் கதிர்வீச்சுத் தடத்தை அரித்துத் துளையிட்டு, 90 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் வரை இந்த முறையை இறக்கினார்கள். புரதம் அதைவிடப் பலமடங்கு சிறியது.

மூலக்கூறு அளவை முதலில் எட்டியது செயற்கைத் துளை அல்ல. 1996இல் கேசியனோவிச், பிராண்டின், பிரான்டன், டீமர் ஆகியோர் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா சுரக்கும் ஆல்பா-ஹீமோலைசின் என்ற நச்சுப் புரதத்தைக் கொழுப்புச் சவ்வில் பதித்து, அதன் துளை வழியே ஒற்றை இழை ஆர்.என்.ஏ, டி.என்.ஏ செல்வதைப் பதிவு செய்தார்கள். ஆனால் அத்துளையின் மிகக் குறுகிய இடம் சுமார் 1.4 நானோமீட்டர்தான், மடிந்து உருண்டிருக்கும் புரதம் அதில் நுழையாது. கொழுப்புச் சவ்வும் எளிதில் கிழிந்துவிடும். விரும்பிய அளவில், உறுதியான துளை வேண்டுமென்ற தேவை இங்கிருந்தே எழுந்தது.

2001இல் ஹார்வர்டில் ஜியாலி லி, கோலோவ்சென்கோ குழுவினர் சிலிக்கான் நைட்ரைடு சவ்வின் மீது ஆர்கான் அயனிக் கற்றையைப் பாய்ச்சினார்கள். கற்றை பொருளைச் செதுக்கி எடுக்கும், துளை விரியும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அறை வெப்பநிலையில் நடந்ததோ தலைகீழ்: மேற்பரப்புப் பொருள் துளையின் விளிம்பை நோக்கி நகர்ந்து வாயை மூடத் தொடங்கியது. எதிர்பாராத இந்த மூடலே வழியைக் காட்டியது. பெரிய துளையைப் போட்டுவிட்டு, அதனூடே கடந்துவரும் அயனிகளை எண்ணிக்கொண்டே போய், எண்ணிக்கை வேண்டிய அளவுக்குக் குறைந்ததும் கற்றையை நிறுத்தினார்கள். 2003இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் டெக்கர் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கற்றையால் இதே சுருக்கத்தைத் திரையில் பார்த்தபடியே செய்து காட்டியது.

புரதத்தை நோக்கிய முதல் அடிகள் இருவகைப்பட்டவை. 2005இல் சுசானா சிவி, சார்லஸ் மார்ட்டின் குழுவினர் பிளாஸ்டிக்கில் கூம்பு வடிவத் துளையிட்டுத் தங்கம் பூசி, பயோட்டினை ஒட்டினார்கள். அதைத் தேடி வந்த ஸ்ட்ரெப்டாவிடின் புரதம் வாயிலை அடைக்க மின்னோட்டம் நின்றது. இருக்கிறதா, இல்லையா என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லவில்லை. மறுவகையில் புரதம் துளையைக் கடந்தே போகும். 2007இல், ஆர்கன்சாவுக்குப் போயிருந்த ஜியாலி லியின் குழு மாட்டு ரத்த ஆல்புமினையும் ஃபைப்ரினோஜனையும் சிலிக்கான் நைட்ரைடு துளை வழியே அனுப்பி அளந்தது.

இதில் ஒரு நெருடல் இருந்தது. டி.என்.ஏ நீண்ட இழை. முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்டது. இழுத்த பக்கம் வரும். புரதமோ குட்டை, நேர், எதிர் மின்னூட்டங்கள் கலந்தது, சுவரில் ஒட்டும். 2013இல் டெல்ஃப்ட்டின் பிளேசாவும் சகாக்களும் கணக்குப் பார்த்தபோது, கோட்பாட்டின்படி வர வேண்டிய சமிக்ஞைகளில் மிகச் சிறு பகுதியே பதிவாகியிருந்தது. பெரும்பாலான புரதங்கள், மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் பெருக்கிக் கருவி கவனிப்பதற்குள் கடந்துவிட்டன. சிக்கியவை மெதுவாக நகர்ந்த சிலவே. அதுவரை வெளியான பல அளவீடுகளைச் சற்று ஐயத்தோடு படிக்க வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

இத்துறையின் மிக அழகான விடை அதற்கு இரண்டாண்டு முன்பே வந்துவிட்டது என்பேன். பட்டுப்பூச்சியின் உணர்கொம்பில் கொழுப்புப் பூசிய நுண்துளைகள் வழியாகத்தான் மணமூலக்கூறுகள் உள்ளே போகின்றன. 2011இல் மிச்சிகனில் மைக்கேல் மேயர் குழு அதைப் பின்பற்றித் துளைச் சுவருக்குக் கொழுப்புப் படலம் பூசியது. புரதம் ஒட்டுவது குறைந்தது. படலத்தின் கொழுப்பு மூலக்கூறோடு பிணைந்த புரதம், படலத்தின் பிசுபிசுப்புக்கேற்ப மெதுவாக நகர்ந்தது. அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு-பீட்டா திரள்களையும் துளை அடைபடாமல் அளந்தார்கள். உயிரியல் துளையைக் கைவிட்டுத் தொடங்கிய முயற்சி, கடைசியில் உயிரிடமிருந்தே சட்டையைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

துளையிடும் செலவு வேறு இடத்தில் குறைந்தது. 2014இல் ஒட்டாவாவின் டபார்-கோசா குழு, கரைசலில் மூழ்கிய சவ்வின் மீது வலுவான மின்புலத்தைச் செலுத்தி, கசிவு மின்னோட்டம் திடீரென எகிறும் கணத்தில் அதை நிறுத்தினால் ஒற்றைத் துளை கிடைக்கும் என்று காட்டியது. விலையுயர்ந்த நுண்ணோக்கி இல்லாமலேயே ஆய்வகங்கள் துளையிடத் தொடங்கின.

நோயறிதலுக்கு இன்னொரு தடை உண்டு. ரத்தத்தில் ஆல்புமின் லிட்டருக்குச் சுமார் 40 கிராம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனினோ நானோகிராம் கணக்கில்தான். பருமனை மட்டும் பார்க்கும் துளையால் இந்த நெரிசலில் அதைப் பொறுக்க முடியாது. கேம்பிரிட்ஜில் பெல், கைசர் இருவரும் 2016இல் டி.என்.ஏ இழைகளில் குறியீட்டு முடிச்சுகளை அமைத்து, ஒவ்வோர் இழையும் தனக்குரிய ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் துளையைக் கடக்குமாறு செய்தார்கள். எந்த இழை போகிறது, அது வெறுங்கையோடு போகிறதா என்ற இரண்டும் ஒரே சமிக்ஞையில் தெரிந்தன. 2021இல் டெல்ஃப்ட், மியூனிக் குழுவினர் டி.என்.ஏ-வால் மடித்த உருண்டையைத் துளைவாயில் அமர்த்தி, அது உண்டாக்கும் நீரோட்டத்தால் ஒரே புரதத்தை வெகுநேரம் பிடித்துவைத்து, அதன் வடிவ மாற்றங்களைக் கவனித்தார்கள். புரதம் விரைந்து கடந்துவிடும் பிரச்சினைக்கு அது நல்ல தீர்வுதான். ஆனால் ஒரு சமயத்தில் ஒரு மூலக்கூறு என்ற வேகம் ஆய்வகத்துக்குப் போதும், மருத்துவமனைக்குப் போதாது.