கோபன்ஹேகனில் தோற்ற தர்க்கம்

பீன்யா போன்ற தொழிற்பேட்டையின் தொழிலாளி ஒருவர் குடியால் கல்லீரல் சுருங்கி (சிரோசிஸ்) மருத்துவரை நாடும்போது, மஞ்சள் காமாலையையும் வயிற்று நீரையும் சொல்வார். மார்பு வீங்கியதையும், விரை சுருங்கியதையும், தசை கரைந்ததையும் சொல்லக் கூசுவார். மருத்துவ வரலாறு இந்தக் கூச்சத்துக்குரிய அறிகுறிகளையே நெடுங்காலம் பற்றி நின்றது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்துள்ளது. குறைந்ததை நிரப்பினால் நோயும் தணியாதா?

1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு காளையின் விரைகளிலிருந்து அந்த இயக்குநீரைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டில் புட்டனாண்ட், ருசிக்கா ஆகியோர் அதனைச் செயற்கையாக உருவாக்கினர். நிரப்புவதற்குப் பொருள் கிடைத்துவிட்டது. எனினும் குறைவுக்குக் காரணம் நலிந்த கல்லீரல் மட்டுமன்று, மதுவே விரையை நேரடியாகத் தாக்குகிறது என்பதை 1970களின் ஆய்வுகளே தெளிவாக்கின.

இறுதி விசாரணை டென்மார்க்கில் நடந்தது. கோபன்ஹேகன் ஆய்வுக் குழு, மதுவால் சிரோசிஸ் கண்ட 221 ஆண்களை ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டது. 134 பேருக்கு நாள்தோறும் மூன்று வேளை 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், 87 பேருக்கு மருந்தற்ற மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்துண்டோரில் 25 விழுக்காட்டினரும் மற்றவரில் 21 விழுக்காட்டினரும் இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. ஆயினும் மருந்து உயிரைக் காத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 1988இல் வெளியான தொடர்கட்டுரை இன்னும் கூர்மையானது: பாலியல் குறைபாட்டிலும் மாத்திரையால் தனிப்பயன் இல்லை. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். குடி குறைந்ததே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

வாய்வழி உட்கொண்ட மருந்து குடலிலிருந்து நேரே, ஏற்கெனவே பழுதுபட்ட கல்லீரலுக்கே சென்றது என்பதையும் மறக்கலாகாது. எனவே தோற்றது இயக்குநீரா, கொடுத்த வழியா என்ற ஐயம் எஞ்சியது. 2006இன் காக்ரேன் தொகுப்பாய்வு, உறவுடைய ஸ்டீராய்டுகளையும் சேர்த்து 5 சோதனைகளில் 499 நோயாளரை ஆராய்ந்தும் உயிர்காப்புப் பயனைக் காணவில்லை.

2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேறு கேள்வியுடன் வந்தனர். டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 101 சிரோசிஸ் ஆண்கள். மதுவால் மட்டும் நோயுற்றோர் அல்லர். மாத்திரைக்குப் பதில் தசையில் ஊசி; ஓராண்டு. கை கால்களின் தசை, ஒப்பீட்டுப் பிரிவைவிடச் சுமார் 1.7 கிலோ கூடியது. இறப்பு வீதத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடைசெய்தது. ஏனைய மதுவகைகளின் விற்பனை தொடர்கிறது.