திருட்டு வழக்கில் ‘எடுத்தல்’

பொருள் எவ்வளவு தூரம் போனது என்பதை இந்தியத் திருட்டுச் சட்டம் கேட்பதில்லை. அது அசைந்ததா என்றுதான் கேட்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 378ஆம் பிரிவு சொன்னதையே, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவும் சொல்கிறது. பிறர் கைவசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வதற்காக நகர்த்தினாலே குற்றம் முழுமையாகிவிடும். சட்டமே தரும் உதாரணங்களில் மோதிரக் கதை நுட்பமானது. மேசைமேல் கிடக்கும் மோதிரத்தை உடனே கொண்டுபோனால் சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி, உரியவர் கண்ணில் படாத இடத்தில் ஒருவர் ஒளித்துவைக்கிறார்; எல்லோரும் மறந்தபின் எடுத்து விற்பது அவர் கணக்கு. மோதிரத்தை முதலில் நகர்த்தியபோதே திருட்டு முடிந்துவிட்டது. புதையல் பெட்டி சுமக்கும் மாட்டை ஓட்டுபவரோ பெட்டியைத் தொடுவதுகூட இல்லை. மாடு நடக்கத் தொடங்கினால் போதும். நிற்கும் மரம் அசையாப் பொருள், திருட முடியாதது. வெட்டிப் பிரித்த கணத்தில் அதுவும் திருட்டுப் பொருளாகிறது.

இதைத் திருட்டு முயற்சி என்று விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. அப்படியானால் கோடு எங்கே? அறைக் கதவா, வாசலா, தெருமுனையா? தூரத்தை அளவுகோலாக்கினால் பதில் வீட்டுக்கு வீடு மாறும்; அடுத்தவர் கைவசத்தில் கைவைப்பதுதான் குற்றம் என்றால், முதல் அசைவைவிடத் தெளிவான எல்லை இல்லை. கடுமையைத் தணிப்பது மனநிலை பற்றிய நிபந்தனை. சூப்பர் மார்க்கெட்டில் சோப்பைக் கூடையில் போடக் கடைக்காரரே அனுமதிக்கிறார். இடுப்பில் செருக அனுமதிக்கவில்லை. ஆகவே பில் போடும் இடத்தைத் தாண்டும்வரை சட்டம் காத்திருப்பதில்லை. காத்திருப்பவர் காவலாளிதான், ‘காசு கொடுக்கத்தான் இருந்தேன்’ என்ற பதிலுக்குப் பயந்து. அது சாட்சியத்தின் சிக்கல், வரையறையின் குறையல்ல.

திருப்பிக் கொடுத்துவிட்டால்? ராஜஸ்தானில் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், வெளியாள் ஒருவர் அதிலிருந்த தாள்களை மாற்றிவைக்க வழிவிட்டு, ஓரிரு நாளில் திரும்ப வைத்த வழக்கில், இழப்பு நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. அதற்காக இரவல் எல்லாம் திருட்டாகிவிடாது. நண்பர் இல்லாத நேரத்தில் அவர் நூலகத்திலிருந்து, படித்துவிட்டுத் தரலாம் என்று புத்தகம் எடுப்பவரையும் சட்டம் உதாரணமாகக் காட்டுகிறது. கேட்டால் தருவார் என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தால் அது திருட்டல்ல, புத்தகம் எத்தனை தெரு தாண்டிப் போயிருந்தாலும்.