காலிக் குதிர்

சரித்திரம் என்றால் நமக்கு ராஜாக்களும் யுத்தங்களும்தான் ஞாபகம் வருகின்றன. நான் இன்று சொல்லப்போவதோ ஒரு புழுவின் சரித்திரம். முகத்தைச் சுளிக்காதீர்கள். குடியானவனிடம் வரி வாங்குவதில் அது எந்த ராஜாவுக்கும் இளைத்ததல்ல.

நரம்புச் சிலந்தி என்பது அந்த நோயின் பெயர். ராஜஸ்தானத்துப் படிக்கிணறுகளை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். குடத்தோடு பெண்கள் இறங்கும் அந்தப் படிகளின் அழகில் நான் சொக்கிப் போனதுண்டு. வினையே அந்தப் படிகளில்தான் இருந்தது! காலில் புழு தலைநீட்டியவன் எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் காலை வைப்பான். உடனே புழு தன் குஞ்சுகளை லட்சக்கணக்கில் நீரில் விடும். நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்த நீரைக் குடித்தவர் உடலில் ஒரு வருஷம் வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்வரை நீண்டு, தோலைப் பொத்துக்கொண்டு புழு வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றித் தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் ஆபத்து.

ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் வாரக்கணக்கில் படுக்கப் போட்டுவிடும். அதுவும் பெரும்பாலும் விதைப்பு, அறுப்பு நாட்களில்! ஆப்பிரிக்காவில், மாலி நாட்டு டோகோன் மக்கள் இதற்கு 'காலிக் குதிர் நோய்' என்று பெயரிட்டார்கள். எந்த வைத்தியர் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்?

தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் இருந்த இந்நோயை ஒழிக்க, 1980-களின் தொடக்கத்தில் இந்திய அரசாங்கம் முனைந்தது. தடுப்பூசி கிடையாது, புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. நல்ல தண்ணீர் ஒன்றே வழி. நோய் கண்ட ஊர்களில் படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினார்கள், அடிபம்பு போட்டார்கள், துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 1996-ல் ராஜஸ்தானத்தில் கடைசி நோயாளி. 2000-ல் இந்தியா விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. 1986-ல் உலகில் சுமார் 35 லட்சம் பேரைப் பிடித்திருந்த நோய், 2024-ல் 15 பேரைத்தான் கண்டது.

படிகளை அடைத்தார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது, 'ஐயோ, அழகு போயிற்றே!' என்று பொருமியவன் நான். படியில் நின்று ரசித்தவனுக்கு அது அழகு. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கதிர் முற்றும் நேரத்தில் திண்ணையில் கிடந்தவனை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அடிபம்பின் கிரீச்சுச் சத்தத்தில் காவியம் எதுவும் இல்லைதான். ஆனால் அவன் வீட்டுக் குதிரில் நெல்லோ கம்போ இருக்கிறதே, அது போதாதா?