வெண்ணெயும் மலைப்பாதையும்: நீல்கிரிஸ் நிறுவனத்தின் வளர்ச்சி குறித்து ஓர் ஆய்வு

தமிழகத்தின் நவீனச் சில்லறை வணிகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1996-இல் இருந்து தொடங்குகிறார்கள். ஆர்.பி.ஜி. குழுமம் சென்னையில் முதல் ஃபுட்வேர்ல்டு கடையைத் திறந்த ஆண்டு அது. தாராளமயத்துக்குப் பிந்தைய கதையாக மட்டும் பார்த்தால் அந்தத் தொடக்கம் சரிதான். ஆனால் அதற்குத் தொண்ணூற்றோர் ஆண்டுகளுக்கு முன்பே, 1905-இல், உதகமண்டலத்தில் ஒரு வெண்ணெய் வியாபாரம் தமிழர் கைக்கு வந்தது. பின்னாளில் ‘நீல்கிரிஸ்’ என்ற பெயரில் தென்னிந்தியா முழுதும் பரவிய சூப்பர் மார்க்கெட் தொடரின் மூலம் அதுவே. அதை நிறுவிய முத்துசாமி முதலியாரும் மகன் சென்னியப்பனும் எடுத்த சில முடிவுகளை அக்காலச் சூழலோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். மேலைநாட்டுக் கடை அமைப்பை முதலில் இங்கே கொண்டுவந்ததுதான் நீல்கிரிஸின் சாதனை என்று பொதுவாகச் சொல்வார்கள். கறவையிலிருந்து கல்லாப்பெட்டி வரை பண்டத்தைத் தன் கையிலேயே வைத்திருந்ததுதான் அதன் உண்மையான பலம் என்பது என் வாதம்.

ஈரோட்டைச் சேர்ந்த முத்துசாமி முதலியார் வணிகராகத் தொடங்கவில்லை. தபால் ரன்னராக இருந்தவர். கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி, குன்னூர் வெள்ளையர்களுக்குக் கடிதங்களையும் காசோலைகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. பணம் நிறைந்த பையைக் குறையாமல் கொண்டுவந்து சேர்ப்பவரிடம் வெண்ணெய் போன்ற பண்டங்களையும் வாங்கிவரச் சொன்னார்கள் என்றும், அதிலிருந்தே வியாபாரம் முளைத்தது என்றும் நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. 1905-இல் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தை அவர் விலைக்கு வாங்கினார். நிறுவனங்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் பிறப்புக் கதைகளை ஆய்வாளர் எடைபோட்டுத்தான் ஏற்க வேண்டும். இந்தக் கதைக்கு அக்கால நீலகிரியின் நிலை பலமாகவே துணை நிற்கிறது.

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபின், இரண்டு தலைமுறைக்குள் உதகை சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரானது. வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பு, லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி, குன்னூரையும் கோத்தகிரியையும் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் என ஐரோப்பியர் கூட்டம் பெருகியது. இவர்கள் எல்லோருக்கும் காலைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டியும் உப்பிட்ட வெண்ணெயும் வேண்டும். மலையில் பாலுக்குப் பஞ்சமில்லை. மலைப் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் பெயர் பெற்றவை. ஆனால் அவர்களின் பால்மனைகள் வழிபாட்டோடு பிணைந்தவை. அங்கே கறந்து கடைவது ஒரு சடங்கு. சமவெளித் தமிழர் வீட்டிலோ தயிரைக் கடைந்தெடுக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உருக்கி நெய்யாவதற்கே. ரொட்டியில் தடவும் வெண்ணெய் தனிச் சந்தை. அதைக் கேட்பவர் குறைவு, ஆனால் நல்ல விலை கொடுப்பவர்.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-இல் வந்துவிட்டது. உதகைக்கு அது நீண்டது 1908-இல்தான். முத்துசாமி முதலியார் கடை எடுத்த 1905-இல், குன்னூர் வரை ரயிலில் வரும் சரக்கு அதற்குமேல் சாலை வழியாகத்தான் ஏற வேண்டும். சமவெளி வெயிலில் உருகிக் கெட்டுப்போகும் பண்டத்தை, குளிர்பதன வசதி இல்லாத காலத்தில், 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரிலேயே வைத்து விற்பவருக்கு இயற்கையே பாதுகாப்பு அறை கட்டிக் கொடுத்திருந்தது. மூன்றாண்டு கழித்து ரயில் வந்தபோது கடை ஊன்றி நின்றுவிட்டது. பின்னர் குன்னூரிலும் ஒரு கடை வந்தது.

இங்கேயே நின்றிருந்தால் நீல்கிரிஸ் மலைவாசத்தலத்தின் பழைய கடைகளில் ஒன்றாக முடிந்திருக்கும். ஊட்டி வியாபாரத்தின் பெருங்குறை ‘சீசன்’. ஏப்ரலிலும் மே மாதத்திலும் கூட்டம் நெரியும். மழை தொடங்கியதும் கடைவீதி காலியாகும். மாடு மட்டும் சீசன் பார்த்துக் கறப்பதில்லை. ஆண்டு முழுவதும் வரும் பாலுக்கு ஆண்டு முழுவதும் வாங்கும் ஊர் வேண்டும். 1936-இல் சென்னியப்பன் பெங்களூருக்குப் போய் பிரிகேடு ரோட்டில் கடை வைத்ததை இந்தக் கணக்கோடு சேர்த்தே நான் வாசிக்கிறேன். அந்தச் சாலை அமைந்த பெங்களூர் கண்டோன்மென்ட் அப்போது மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்த பிரிட்டிஷ் நிர்வாகப் பகுதி. 1947-இல்தான் அது மைசூரிடம் திரும்பியது. ஊட்டியில் இரண்டு மாதம் கிடைத்த வாடிக்கையாளர் அங்கே பன்னிரண்டு மாதமும் இருந்தார். தட்பவெப்பமும் வெண்ணெய்க்கு ஒத்துவந்தது. சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப்போர் வந்து, நகரம் படைவீரர்களால் நிறைந்தது. மலையின் பெயரை எடுத்துக்கொண்டு மலையைவிட்டு இறங்கியதுதான் இந்நிறுவனத்தின் வரலாற்றில் பெரிய முடிவு. சூப்பர் மார்க்கெட் அதற்கு அடுத்ததே.

வெள்ளையர் வெளியேறியதும் அவர்களை நம்பிய பல கடைகள் தளர்ந்தன. வடக்கே போல்சன் நிறுவனத்தின் கதை ஒப்பிடத் தக்கது. பெஸ்தோன்ஜி எடுல்ஜி தலால் பம்பாயில் காப்பிப்பொடியில் தொடங்கி, 1930-இல் ஆனந்தில் பால் ஆலை நிறுவி, நாடறிந்த வெண்ணெய் வியாபாரியானவர். 1946-இல் தோன்றிய கெய்ரா பால் உற்பத்தியாளர் கூட்டுறவு, பின்னாளின் அமுல், அவர் சந்தையைப் பறித்தது. போல்சனிடம் ஆலை இருந்தது, சொந்தக் கடைகள் இல்லை. பிறர் கடையின் அலமாரியில் அமுல் வந்து உட்கார்ந்ததும் போல்சனுக்கு இடமில்லாமல் போயிற்று. நீல்கிரிஸுக்கு ஈரோட்டில் பால் பண்ட ஆலை இருந்தது, பேக்கரி இருந்தது, அவற்றை விற்கச் சொந்த அலமாரியும் இருந்தது.

அந்த அலமாரியைச் சென்னியப்பன் எப்படி மாற்றினார் என்பதுதான் அவரது வாழ்வின் முக்கியப் பகுதி. நம் மளிகைக் கடையில் சரக்கெல்லாம் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சீட்டைக் கொடுத்தால் பையன் நிறுத்துப் பொட்டலம் கட்டிச் சணல் சுற்றித் தருவான். கணக்கு பற்றுவரவு நோட்டில் ஏறும். அமெரிக்காவில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 1916-இல் மெம்பிஸ் நகரில் தொடங்கிய பிக்லி விக்லி கடை இந்த முறையைப் புரட்டிப்போட்டது. வாங்குபவரே கூடையோடு நடந்து, எடுத்து, வாசலில் பணம் கட்டிவிட்டுப் போகும் முறை அது. வெளிநாடுகளில் இத்தகைய கடைகளைப் பார்த்துவந்த சென்னியப்பன் பிரிகேடு ரோடு கடையை அவ்வழியில் அமைத்தார்.

கடை அமைப்பை மாற்றுவது கண்ணாடிக் கதவு போடுவதோடு முடிவதில்லை. நிறுத்துத் தர ஆளில்லாத இடத்தில் பருப்பும் சர்க்கரையும் முன்பே நிறுத்துப் பொட்டலத்தில் இருக்க வேண்டும். விலை எழுதியிருக்க வேண்டும். எடையில் ஏமாற்றில்லை என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான விதிகளை மத்திய அரசு கொண்டுவந்ததே 1977-இல்தான். அதற்கு முன் அந்த உறுதியைத் தர விற்பவரின் பெயரைத் தவிர வேறு கிடையாது. வெண்ணெய், ரொட்டி, ஜாம் என்று சொந்தப் பெயரிலேயே பண்டங்களை அடுக்கிய நீல்கிரிஸுக்கு இது இயல்பாகக் கைவந்தது. காசோலைப் பையைச் சுமந்தவரின் முதலீடு மகன் காலத்தில் இப்படித்தான் பலன் தந்தது. 1975-இல் நிறுவனம் தொடங்கிய கிறிஸ்துமஸ் கேக் கண்காட்சி பெங்களூரின் ஆண்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. சென்னையில் ராதாகிருஷ்ணன் சாலைக் கடை பல குடும்பங்களின் மாதாந்திரப் பழக்கமானது.

பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். வேறு ஆட்கள் நடத்தும் உரிமக் கடைகள் வழியாகத் தொடர் விரிந்தது. 2006-இல் ஆக்டிஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2014-இல் கிஷோர் பியானியின் ஃபியூச்சர் குழுமம் ஏறத்தாழ 300 கோடி ரூபாய்க்கு 98 விழுக்காட்டுப் பங்கை எடுத்தது. சில ஆண்டுகளில் அந்தக் குழுமமே கடனில் மூழ்கியது. குடும்பம் விலகியதை மட்டும் காரணமாக்குவது எளிது; அது பாதி உண்மையே. பாலும் ஆலையும் கடையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்த அமைப்பு தளர்ந்து, பெயரே பெருஞ்சொத்தாக நின்றது என்பதே என் கணிப்பு. பெயரை வாங்கலாம், அதைத் தாங்கிய ஏற்பாட்டை வாங்குவது கடினம்.

கொங்குநாட்டு வணிகக் குடும்பங்கள் பேரேட்டையும் குறிப்பேட்டையும் பேணிவந்தவை. ஊட்டி, குன்னூர், ஈரோடு வீடுகளின் பரண்களில் பழைய வியாபார ஏடுகள், ரசீதுகள், தோட்டத் துரைமார்களின் கொள்முதல் சீட்டுகள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிடம் ஒப்படையுங்கள்; அவை இல்லாமல் நீலகிரியின் வணிக வரலாற்றை எழுத முடியாது.