செங்கல்பட்டுக் குன்றுகளும் அதில் ஏறினவங்களும்

மலைன்னாலே ஊட்டி, கொடைக்கானல்தானா? நம்ம செங்கல்பட்டு ஜில்லாவிலும் மலை இருக்குங்க. என்ன, மலைன்னு சொன்னா வால்பாறைக்காரர் சிரிப்பார். நூறு மீட்டர், நூற்றைம்பது மீட்டர், மிஞ்சிப் போனால் இன்னும் கொஞ்சம். பாறையும் முள்காடுமாய் வண்டலூரில் ஆரம்பித்து மதுராந்தகம் வரை அங்கங்கே உட்கார்ந்திருக்கிற குன்றுகள்.

ஆனால் குன்றின் மதிப்பு அதன் உயரத்தில் மட்டும் இல்லை, சுற்றி இருக்கிற தரை எவ்வளவு தட்டை என்பதிலும் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு (பயப்படாதீங்க, ஒரே வரிதான்): நிற்கிற இடத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, 3.57 ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வரும். 150 மீட்டர் குன்றுக்கு இது ஏறக்குறைய 44 கிலோமீட்டர். ஊட்டியில் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் உயரத்தில் நின்றாலும் பல இடங்களில் எதிர் மலைதான் தெரியும். இங்கே ஏரி, வயல், பனைமரம், அதற்கப்புறம் கடல். மறைக்க ஒன்றுமில்லை.

இந்த வசதியைத் தெரிந்துகொண்டு ஏறினவர்கள் யார் யார் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் திருக்கழுக்குன்றம். சுமார் 500 அடி உயரம், ஐந்நூற்றுச் சொச்சம் படி. மேலே வேதகிரீஸ்வரர், கீழே பக்தவத்சலேஸ்வரர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூன்று பேரும் பாடிய ஊர், மாணிக்கவாசகரும் பாடியிருக்கிறார். கீழ்க் கோயிலில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஸ்கந்தசிஷ்யன் கொடுத்த தானத்தை, வாதாபி கொண்ட நரசிம்ம பல்லவன் தொடர்ந்து காத்தான், அதை நானும் காக்கிறேன் என்று சோழன் சொல்கிறான். மூன்று ஆட்சிகளின் கணக்கு ஒரே கல்லில். (அரசாங்க ஆபீஸில் பழைய ஃபைல் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.)

ஊர்ப் பெயருக்குக் காரணமான கழுகுகளை உங்க அம்மா அப்பா பார்த்திருப்பாங்க. உச்சி வேளையில் இரண்டு பறவை வரும், தேசிகர் பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவார். காசியில் குளியல், இங்கே சாப்பாடு, ராமேஸ்வரத்தில் தரிசனம் என்று கதை. பட்சி தீர்த்தம் என்ற பேரும் அதனால்தான். நாம் நினைக்கிற கழுகு இல்லை அது, மஞ்சள் முகப் பாறு என்கிற பிணந்தின்னி வகை. 1990களின் கடைசியோடு வருவது நின்றுபோயிற்று. கலியுகத்தில் பாவம் கூடிவிட்டது என்று மலையடிவாரத்தில் விளக்கம் சொல்வார்கள். அந்தக் காலகட்டத்தில் இந்தியா முழுக்கவே பாறுக் கழுகுகள் கொத்துக் கொத்தாக அழிந்தன. மாட்டுக்குப் போடும் வலிநிவாரணி டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் வழியாகக் கழுகுக்குள் போய் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நம்ம ஜோடி எதனால் வரவில்லை என்று யாரும் பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. ஆனால் பாவத்தைவிட மருந்து மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இதே மலையில் ஒருக்கல் மண்டபம் என்று பல்லவர் குடைந்த குடைவரை ஒன்று இருக்கிறது. மேலே போகிற அவசரத்தில் பலபேர் அதைத் தாண்டிவிடுவார்கள். உள்ளே தூணையும் சுவரையும் கவனித்துப் பாருங்க, டச்சுக்காரர்களின் பெயர்கள் செதுக்கியிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் துறைமுகம் வைத்து வியாபாரம் செய்தவர்கள், ஓய்வு நேரத்தில் இங்கே வந்திருக்கிறார்கள். "ரமேஷ் லவ்ஸ் சுமதி" கலாச்சாரத்துக்கு வயது முந்நூறுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம் :) வேடிக்கை ஒரு பக்கம். கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து படியேறினவர்கள் கிழக்கே திரும்பி, துறையில் கப்பல் வந்ததா என்று பார்க்காமலா இறங்கியிருப்பார்கள்? இது என் ஊகம்தான், கல்லில் அப்படி எழுதியில்லை.

அங்கிருந்து கடலைப் பார்க்க 15 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுக்கும் வெண்ணெய் உருண்டைக்கும் கூட்டம் போய்விடும். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பாறை உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். எட்டாம் நூற்றாண்டு, ராஜசிம்ம பல்லவன் காலம் என்பார்கள். விமானத்தின் மேல்பகுதி போய்விட்டது, உள்ளே மூர்த்தியும் இல்லை. விளக்குக்கு வீட்டுக்கு ஓர் உழக்கு எண்ணெய் வாங்கினதால் உழக்கண்ணேஸ்வரர், அது மருவி ஒலக்கண்ணேஸ்வரர் என்று ஊரில் சொல்கிறார்கள். பேர்க்காரணம் உண்மையோ பொய்யோ, இந்த உச்சியில் விளக்கு எரிந்தது உண்மை. வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலின் தட்டையான கூரை மேலேயே கலங்கரை விளக்கு வைத்தான். பக்கத்தில் கல் கோபுரம் கட்டி, 1904இல் புது விளக்கு முழுமையாக வேலைக்கு வந்ததும் கோயிலுக்கு ஓய்வு. அந்தக் கோபுரத்தை 2001இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி மூடி, 2011இல்தான் மறுபடி பொதுமக்களை ஏறவிட்டார்கள்.

பூஜையும் வியாபாரமும் கப்பலும் ஆச்சு. அடுத்து வந்தவர் இந்தக் குன்றுகளை வேறு மாதிரி பார்த்தார். கடலைப் பார்க்க ஏறவில்லை அவர். ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றைப் பார்க்க ஏறினார்.

வில்லியம் லாம்டன், ஆங்கிலேய ராணுவத்தின் 33ஆம் படைப்பிரிவு. பூமி சரியான உருண்டையா, துருவத்தில் தட்டையா, எவ்வளவு தட்டை என்று அளக்க ஆசைப்பட்டவர். இதற்கு முதலில் தரையில் ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளக்க வேண்டும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைக் குறிபார்த்துக் கோணம் எடுத்தால், மற்ற இரண்டு பக்கமும் கணக்கிலேயே வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு முக்கோணம்தான். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அடுத்தது.

அந்த முதல் கோடு பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை. ஆமாங்க, சோழிங்கநல்லூர் பக்கத்துப் பெரும்பாக்கமேதான். ஓஎம்ஆரில் வேலை பார்க்கிற நம்மில் பாதிப்பேர் அந்தக் கோட்டை ஏதோ ஓரிடத்தில் குறுக்கே கடந்துதான் ஆபீஸ் போகிறோம். ஏழரை மைல். 1802 ஏப்ரல் 10 அன்று ஆரம்பித்து மே 22 அன்று முடித்தார்கள். சென்னை அக்னி நட்சத்திரத்தில்!

அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், வேண்டாம் என்று திரும்பி வந்த சரக்கு அது. இங்கேதான் எனக்கு அந்த மனுஷன் மேல் மரியாதை வருகிறது. எஃகு வெயிலில் நீளும். 10 டிகிரி கூடினால் 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஒன்றுமில்லைதான். ஆனால் சங்கிலியைச் சுமார் 400 தடவை போட வேண்டுமே? மொத்தத்தில் 1.4 மீட்டர் பிசகும். முதல் கோட்டிலேயே பிசகினால் அடுத்தடுத்த அத்தனை முக்கோணமும் போச்சு. அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் வெப்பம் குறித்துத் திருத்தினார்.

கோணம் எடுக்க வரவேண்டிய அரை டன் தியோடலைட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரிஷியஸ் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பினார்கள். அது வந்ததும் தெற்கே போனார். தென்னையும் பனையும் அடர்ந்த தட்டைத் தரையில் கண்ணுக்கு வழி வேண்டுமென்றால் குன்றுதான் கதி. அவருடைய பட்டியலில் நம்ம மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கருங்குழி இருக்கிறது. கர்நாடகப் போர்களில் பிரெஞ்சும் ஆங்கிலேயரும் அடித்துக்கொண்ட அதே கோட்டை ஊர். அங்கிருந்து மேற்கே போளூர்ப் பக்கத்துக் கர்நாட்டிகர் மலையோடு கோடு சேர்த்தார். வரைபடத்தில் அளந்தால் 80 கிலோமீட்டருக்கு மேல். இன்றைக்கு அந்தப் புகைமூட்டத்தில் 20 கிலோமீட்டர் தெளிவாகத் தெரிந்தாலே நான் போட்டோ எடுத்து மாட்டிவிடுவேன்.

கடற்கரையோரம் கடலூர் வரை போன இந்த அளவையிலிருந்து, ஒரு பாகை அட்சரேகையின் நீளத்தை அவர் கணக்கிட்டு வெளியிட்டார். எந்த இடத்துக்கு? வடக்கு 12 பாகை 32 கலை. வரைபடத்தில் விரல் வையுங்க, மதுராந்தகம் ஏரிக்குக் கொஞ்சம் வடக்கே வரும். ஏரிகாத்த ராமருக்குப் பக்கத்தில் பூமியின் வடிவத்தை அளந்திருக்கிறார்கள், ஊரில் ஒரு போர்டுகூட என் கண்ணில் படவில்லை. லாம்டன் 1823இல் ஹிங்கன்காட்டில் இறந்தார். எவரெஸ்ட் தொடர்ந்தார், முக்கோணங்கள் இமயமலை வரை போயின, சிகரத்துக்கு எவரெஸ்ட் பேர் வைத்தார்கள். ஆரம்பித்த பெரும்பாக்கம் குன்றின் பேர் நம்மூர்க்காரர்களுக்கே தெரியாது.

பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் பக்கம் குன்றுகளில் பாதி ஜல்லியாகிவிட்டது. வெட்டின பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, அதையே ஏரி என்று நினைத்துக் குளிக்கப் போய்ப் பையன்கள் செத்தும் போகிறார்கள். அந்த ஜல்லியில்தான் நாம் குடியிருக்கிறோம், அதனால் ரொம்பக் கோபப்படவும் முடியவில்லை. திருக்கழுக்குன்றம் கோயிலால் தப்பித்தது, மாமல்லபுரம் தொல்லியல் துறையால் தப்பித்தது. சாமியும் சிற்பமும் இல்லாத மொட்டைக் குன்றுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

போகிறவர்களுக்கு: செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு பஸ் அடிக்கடி உண்டு, வழியில் காடும் குன்றும் வரும், ஜன்னல் சீட் பிடிங்க. ஏழு மணிக்குள் படியேறிவிடுங்க. மழை விட்ட மறுநாள் காலை என்றால் இன்னும் நல்லது, கிழக்கே கடல் ஒரு கோடாய்த் தெரியும். தண்ணீர் பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீங்க, கழுகு போனாலும் குரங்கு போகவில்லை.